விதியெழுதும் தமிழ்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

கவியரங்கம் முடிந்து நெஞ்சம் நிறைந்திருக்கும் இவ்வேளையில், சட்டத்தையும் விதியையும் பற்றிப் பேச ஒருவனை அழைத்திருப்பது வட்டத்தாரின் துணிவுக்குச் சான்று. மருத்துவத் தொழிலை நெறிப்படுத்தும் அமைப்பொன்றின் கொள்கைப் பிரிவில் வரைவெழுதும் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். கவிதை எழுதத் தெரியாதவன். ஆயினும் ஒரு சொல்லை எடுக்கவும் வைக்கவும் மாதக்கணக்கில் மன்றாடும் தொழிலில் பழகியவன். அந்த ஓர் உரிமை பற்றியே உங்கள் முன் நிற்கிறேன்.

தமிழில் விதி என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வகுக்கப்பட்ட நெறி ஒன்று, தலையெழுத்து மற்றொன்று. மருத்துவத்துறையில் இவ்விரண்டும் மிக நெருங்கியே நடக்கின்றன. எங்கோ ஓர் அலுவலகத்தில் எழுதப்பட்ட ஒரு வரி, யாரோ ஒருவர் அறுவைக் கூடத்தில் மயங்கிக் கிடக்கும்போது அவருடைய தலையெழுத்தாக மாறிவிடுகிறது. அவ்வரியில் நிற்கும் சொற்களைப் பற்றியதே இவ்வுரை.

முதலில், இவ்வமைப்புகள் யாவை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யார் மருத்துவர், யார் செவிலியர் என்று முடிவு செய்து ஒரு பதிவேட்டை வைத்திருப்பது, அப்பதிவேட்டில் இருப்போர் ஒழுகவேண்டிய நெறியை வகுப்பது, நெறி தவறியோரை விசாரிப்பது ஆகிய மூன்றுமே இவற்றின் பணி. இங்கிலாந்தில் 1858-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் இதற்கு வழிகோலியது. நம் பக்கத்தில் சென்னை மாகாணம் 1914-இல் மருத்துவர் பதிவுச் சட்டத்தையும், 1926-இல் செவிலியர், பேறுகாலப் பணியாளர் சட்டத்தையும் இயற்றியது. அனைத்திந்திய அளவில் மருத்துவக் கவுன்சில் சட்டம் 1933-இலும், அதன் புது வடிவம் 1956-இலும் வந்தன. அந்தக் கவுன்சில் மறைந்து, 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய மருத்துவ ஆணையம் 2020 செப்டம்பரில் அதன் இடத்தைப் பெற்றது. செவிலியர்க்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. 2023-இல் புதிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. இயன்முறை, ஆய்வுக்கூடம், கண்ணொளி முதலிய துறைகளில் பணிபுரிவோர்க்கு 2021-இல்தான் ஒரு சட்டம் வாய்த்தது.

புதுச்சேரியின் கதை சற்று வேறுபட்டது. பிரெஞ்சு அரசு இங்கு 1823-இலேயே ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவியது. இன்று கோரிமேட்டில் நிற்கும் ஜிப்மர் அதன் வழித்தோன்றல். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டப்படி முழுமை பெற்றது. மருத்துவரை ஆளும் விதி, பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குப் பெயர்ந்தது. விதியின் மொழி மாறியது; நோயாளியின் மொழி மட்டும் அன்றும் தமிழ், இன்றும் தமிழ். காரைக்காலையும் மாகேயையும் ஏனாமையும் சேர்த்துச் சொன்னால், அன்றும் இன்றும் தமிழும் மலையாளமும் தெலுங்கும்.

இனி, பதிவேடு என்னும் பொருளுக்கு வருவோம். பதிவேடு என்பது பெயர்களின் வரிசை. பெயரிடுவதன் வலிமையைக் கவிஞர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்பன அந்நான்கு. ஒரு செய்தியை உங்கள் கருத்தில் வைக்க வேண்டுகிறேன்: அவ்வரிசையில் முதலில் நிற்பவர் நோயாளி. மருத்துவர் இரண்டாமவர். பணிபுரிபவர் மருத்துவத்தின் ஒரு கூறாகவே எண்ணப்படுகிறார், ஏவலராக அன்று. நம் சட்டங்கள் மருத்துவரை 1914-இலும், செவிலியரை 1926-இலும், ஏனையோரை 2021-இலும் கண்டுகொண்டன. வள்ளுவர் ஒரே குறளில் கண்டுகொண்டார்.

பதிவேட்டுக்குள் ஒரு பெயர் நுழைந்தால், வேறு சில பெயர்கள் வெளியே நின்றுவிடும். மருத்துவச்சி என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். மருத்துவன் என்பதன் பெண்பால் அது. ஆயினும் வழக்கில் பிள்ளைப்பேறு பார்க்கும் மூதாட்டிக்கே உரியதாயிற்று. அந்தப் பணி பயிற்சி பெற்றோர்க்குரிய தொழிலாகப் பதிவேட்டில் ஏறியபோது, அப்பெயரைத் தாங்கிய கிழவி பதிவேட்டுக்கு வெளியே நின்றாள். பரம்பரை வைத்தியரின் நிலையும் இதுவே. கேரளத்துப் பரம்பரை வைத்தியர்கள் தொடுத்த வழக்கில், உரிய கல்வித் தகுதியும் பதிவும் இல்லாதார் மருத்துவம் செய்தல் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் உறுதி செய்தது. உயிரைக் காக்கும் நோக்கில் அத்தீர்ப்பைக் குறைகூற இயலாது. போலி மருத்துவரால் இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் கேட்டால் அதன் நியாயம் விளங்கும். ஆனால் கைவழியாக வந்த அறிவு, அதை வைத்திருந்தவரோடு மண்ணுக்குள் போகிறது என்பதும் உண்மை. பதிவேடு ஒரு மதில். காப்பதும் அதுவே, தடுப்பதும் அதுவே. மதில் எழுப்புவோர் இரண்டையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

மதிலின் வாயிலைக் காப்பது ஒரு சொல்லாகவே இருக்கக்கூடும். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, நவீன மருத்துவத் தொழிலோடு 'தொடர்புடைய' சிலர்க்கு, சமுதாய நலவாழ்வு வழங்குநர் என்னும் பெயரில் வரம்புக்குட்பட்ட உரிமம் அளிக்க வழிசெய்தது. உரிமம் பெற்ற மருத்துவரின் மொத்த எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் இருத்தல் கூடாது என்று எண்ணுக்கு எல்லை வகுத்தார்கள். 'தொடர்புடைய' என்னும் சொல்லுக்கு அப்பிரிவில் எல்லை வகுக்கவில்லை. அவ்வாண்டு மருத்துவர்கள் நாடெங்கும் எழுப்பிய எதிர்ப்பில் அந்தச் சொல்லுக்கும் பங்குண்டு.

ஒரு விதி எவ்வாறு பிறக்கிறது? முதலில் ஒரு சிக்கல் முறையீடாக வரும். ஒரே வகையான முறையீடு பலமுறை வந்தால், அது தனிமனிதரின் பிழையா, நெறியில் உள்ள ஓட்டையா என்று ஆராய்வோம். பிற நாட்டார் செய்தது என்ன, நம் நீதிமன்றங்கள் சொன்னது என்ன என்று தொகுப்போம். விதியே வேண்டாம், ஓர் அறிவுரைக் கடிதம் போதும் என்ற முடிவும் சிலவேளை வரும்; அது நல்ல முடிவாகவே இருக்கும். விதி தேவையென்றால் வரைவு எழுதி, பொதுமக்களின் கருத்துக்கு வெளியிட்டு, வந்த கருத்துகளை வகைப்படுத்தி, சட்டத்துறையின் பார்வைக்கு அனுப்பி, இறுதியில் அரசிதழில் ஏற்றுவார்கள்.

வரைவெழுதுவோன் தன் வரியை மூவரின் கண்கொண்டு படித்தாக வேண்டும். நேர்மையும் களைப்பும் உடைய ஒரு மருத்துவர். அவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நூறு பேரைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவருக்கு இவ்வரி செய்யத்தக்கதா? இரண்டாமவர், ஓட்டை தேடிப் படிப்பவர். அவருக்கு இவ்வரியில் எங்கே வழி திறந்திருக்கிறது? மூன்றாமவர், நோயாளி. அவருக்கு இவ்வரி புரியுமா? கவிதையின் வாசகர் உள்ளே வரத் தேடுவார். விதியின் வாசகருள் ஒருவர் எப்போதும் வெளியேறத் தேடுவார். அதனால்தான் எங்கள் உரைநடை இத்தனை வறட்சியாக இருக்கிறது, மன்னித்தருளுக.

அனுபவம் எனக்குக் காட்டியது: முதல் இருவர்க்காகப் பேச எப்போதும் ஆள் உண்டு. சங்கங்கள் உண்டு, வழக்கறிஞர் உண்டு. மூன்றாமவர்க்காக எழுதி வரும் கருத்துரைகளே மிகக் குறைவு. இதை மெய்ப்பிக்க மூன்று சொற்களின் வரலாற்றைச் சொல்கிறேன்.

முதலாவது சொல், 'இயன்றவரை'. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட ஒழுக்க நெறி விதிகளில், மருத்துவர் மருந்துகளை 'இயன்றவரை' பொதுப்பெயரால் எழுதவேண்டும் என்று இருந்தது. காய்ச்சலுக்குரிய பாராசிட்டமால் என்பது பொதுப்பெயர். அதே மருந்தைப் பல நிறுவனங்கள் பல வணிகப்பெயர்களில், பல விலைகளில் விற்கின்றன. பொதுப்பெயரை எழுதினால் நோயாளி விலை குறைந்ததைத் தேடி வாங்கலாம் என்பது நோக்கம். 'இயன்றவரை' என்ற ஒரு சொல் இருந்ததால், எவர்க்கும் இயலாமலே போயிற்று. விதியை யாரும் மீறவுமில்லை, பின்பற்றவுமில்லை. 2016-இல் ஒரு திருத்தம் வந்தது. அச்சொல்லை எடுத்துவிட்டார்கள். தெளிவாகவும், கூடுமானால் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் எழுதவேண்டும் என்று சேர்த்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் ஒரு சொல் விதியைவிட்டு வெளியேறியது.

பின் 2023 ஆகஸ்டு 2-ஆம் நாள் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை அறிவித்தது. பொதுப்பெயரில் எழுதாதார்க்கு நடவடிக்கையும் அதில் உண்டு. மருத்துவர் சங்கத்தார் எதிர்த்தார்கள். அவர்கள் வாதத்தை நேர்மையாகச் சொல்லவேண்டும். பொதுப்பெயர் மருந்துகளின் தரம் எங்கும் ஒரே சீராக உறுதி செய்யப்படாதபோது, எந்த நிறுவனத்தின் மருந்து என்று தெரிவு செய்யும் பொறுப்பு மருத்துவரின் கையிலிருந்து மருந்துக் கடைக்காரரின் கைக்குப் போய்விடும் என்றார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று அது. மூன்றே வாரங்களில், அம்மாதம் முடியுமுன்னரே, அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2002-ஆம் ஆண்டு விதிகள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. மருந்தின் தரத்தை உறுதிசெய்யாமல் மருந்துச் சீட்டின் சொல்லை மட்டும் திருத்தினால் என்னாகும் என்பதற்கு இஃது ஒரு பாடம். சொல் எவ்வளவு கூர்மையாயினும் அதைத் தாங்கும் நிலம் வேண்டும்.

இரண்டாவது, ஒரு சொல்லன்று, சொற்களின் வரிசை. அதே 2002 விதிகளில், அறுவைக்கு முன் எழுத்தில் ஒப்புதல் பெறவேண்டும் என்று ஒரு வரி உண்டு. யாரிடமிருந்து? கணவன் அல்லது மனைவி முதலில் வருகிறார். பின் சிறாராயின் பெற்றோர் அல்லது காப்பாளர். அதன்பின், வரியின் கடைசியில், நிலைமைக்கேற்ப நோயாளியும் வருகிறார். வள்ளுவர் முதலில் வைத்தவரை இவ்வரி இறுதியில் வைத்தது. எழுதியவர் தீய நோக்கத்தோடு எழுதினார் என்று எவரும் சொல்லார். வீட்டில் யார் முடிவெடுப்பது வழக்கமோ, அந்த வழக்கம் தானாகவே பேனாவுக்குள் இறங்கிவிட்டது.

இவ்வரிசையின் விலை என்ன என்பதை 2008 சனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பில் காணலாம். ஒரு பெண்மணி சோதனைக்காக மட்டும் மயக்கமருந்துக்கு உட்பட்டார். அவர் மயங்கிக் கிடக்கையில், வெளியே அமர்ந்திருந்த தாயாரிடம் இசைவு கேட்டு, கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி இடர் ஏதுமில்லை. வயதுவந்த, தெளிந்த அறிவுடைய ஒருவர் சிறிது நேரம் மயக்கத்தில் இருப்பதால் மட்டும் அவருக்காக மற்றொருவர் ஒப்புதல் தர இயலாது என்று நீதிமன்றம் கூறியது. சோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்கு ஆகாது என்றும் கூறியது. தாயே ஆயினும் ஆகாது! தாய்மையைப் பாடாத கவிஞர் இல்லை. ஆயினும் உடல் என்பது உடையவருக்கே உரியது என்ற அச்சிறு உண்மையைச் சொல்ல ஒரு நீதிமன்றம் வேண்டியிருந்தது.

இங்கே தமிழையும் நோக்கவேண்டும். ஒப்புதல், இசைவு, சம்மதம் என்று மூன்று சொற்கள் நம்மிடம் உள்ளன. ஒப்புதல் என்பதில் குற்றத்தை ஒப்புக்கொள்வதன் நிழல் விழுகிறது. சம்மதம் என்றவுடன் கல்யாணப் பேச்சு நினைவுக்கு வருகிறது. பெரியோர் கேட்க, பெண் தலைகுனிய, மௌனத்தையே சம்மதமாகக் கொள்ளும் வழக்கம் நமக்கு உண்டு. இசைவு என்பதில்தான் இருவர் மனமும் கூடி ஒலிக்கும் பொருள் இருக்கிறது. மருத்துவமனையிலோ இம்மூன்றும் இல்லை. "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்பதே அங்குள்ள சொல். எதற்குக் கையெழுத்து என்று கேட்பவரை அலுப்போடு பார்ப்பார்கள். விதியை எத்தனை முறை திருத்தினாலும், அந்தப் படுக்கையருகே பேசப்படும் தமிழ் திருந்தாவிடில் பயனில்லை.

மூன்றாவது சொல்லே என்னை மிகவும் வருத்தியது. மருத்துவர்மீது மாநிலக் கவுன்சிலில் முறையிட்ட நோயாளி, அங்கு வந்த முடிவில் மனநிறைவு கொள்ளாவிடில் என் செய்வது? 2002 விதிகளில் 2004-இல் செய்த திருத்தம் ஒரு கதவைத் திறந்தது: முடிவால் பாதிக்கப்பட்ட 'எவரும்' 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 'எவரும்' என்ற சொல்லுக்குள் மருத்துவரும் வருவார், நோயாளியும் வருவார், மகனை இழந்த தந்தையும் வருவார். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 30-ஆம் பிரிவில் மேல்முறையீட்டைப் பற்றிப் பேசும்போது, பாதிக்கப்பட்ட 'மருத்துவர் அல்லது தொழில்முறையாளர்' என்று எழுதியது. தடை என்று எங்கும் எழுதவில்லை. நோயாளி கூடாது என்றும் எழுதவில்லை. 'எவரும்' இருந்த இடத்தில் வேறு சொல் அமர்ந்தது, அவ்வளவே. நோயாளிகள் அனுப்பிய மேல்முறையீடுகள் இப்பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டன, வாதங்களும் எழுந்தன. வரைவு நிலையிலேயே அச்சொல்லின்மீது விரல் வைத்து, "இவர் எங்கே?" என்று கேட்க நோயாளியின் பக்கத்தில் போதிய ஆள் இல்லை. இல்லாத சொல்லைக் காண்பது கடினம். இருப்பதைப் படிக்க எழுத்தறிவு போதும். இல்லாததைப் படிக்கக் கவிஞரின் கண் வேண்டும்.

அன்பர்களே, கேட்கும் வழக்கமே நம்மிடம் இருந்ததில்லை என்று எண்ணவேண்டாம். 1921-இல் சென்னை அரசு, நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலர். சித்தர், ஆயுர்வேதர், யுனானியர் ஆகியோர்க்கு வினாநிரல் அனுப்பி, அவர்கள் தமிழ் உள்ளிட்ட தம் மொழிகளிலேயே தந்த விடைகளையும் ஏற்றுத் தொகுத்தது அக்குழு. 1923-இல் அறிக்கை வெளிவந்தது. சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி தோன்ற அது வழிவகுத்தது. அந்நிய ஆட்சியிலேயே ஒரு குழு மக்கள் மொழியில் விடை பெற்றதென்றால், இன்று வரைவு விதிகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்து, முப்பது நாட்களுக்குள் கருத்துரைக்குமாறு கேட்பது எவ்வகையில் பொருந்தும்? இப்புதுச்சேரியில் 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடம் தந்திருக்கிறது. இடம் இருக்கிறது, அமரத் தமிழ்தான் இன்னும் ஆயத்தமாகவில்லை.

ஆயத்தப்படுத்துவது எளிதன்று என்பதையும் அறிவேன். 'செய்யலாம்' என்று தமிழில் எழுதினால், செய்ய உரிமை உண்டு என்பதா, செய்யக்கூடும் என்பதா? 'வேண்டும்' என்றால் கட்டளையா, விருப்பமா, தேவையா? அன்றாடப் பேச்சில் குரலின் ஏற்ற இறக்கம் இவற்றைப் பிரித்துக் காட்டும். அரசிதழுக்குக் குரல் இல்லை. ஆனால் தெளிந்த விதியைத் தமிழில் எழுத இயலாது என்பார் கூற்றையும் நான் ஏற்கவில்லை. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தரவேண்டும் என்று அதே 2002 விதிகளில் ஒரு வரி உண்டு. எண்ணும் வினையும் மட்டும் உள்ள வரி. எந்த மொழியிலும் பிசகாது. அதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு மருத்துவமனையின் வாயிலிலும் மாட்டினால், எத்தனை குடும்பங்கள் அலைச்சலின்றிப் பிழைக்கும்!

ஆகவே, பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின்முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். மாதக் கூட்டங்களில் ஒன்றையேனும் இப்பணிக்கு ஒதுக்குங்கள். ஒப்புதல் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு, கவிஞரும் மருத்துவரும் செவிலியரும், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியும் கூடி அமர்ந்து அதைத் தமிழாக்குங்கள். மூதாட்டிக்கு விளங்காத சொல்லைக் கவிஞர் மாற்றட்டும். கவிஞர் மாற்றியது பிழைபட்டால் மருத்துவர் திருத்தட்டும். அடுத்து ஒரு வரைவு விதி கருத்துக்காக வெளிவரும்போது, வட்டத்தின் பெயரால் தமிழில் ஒரு கருத்துரை அனுப்புங்கள். ஏற்கப்படுமா என்று நான் உறுதி கூற இயலாது. ஆனால் நோயாளியின் பக்கத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று கோப்பில் இருந்தால், அதற்கு விடை எழுதியாகவேண்டிய கட்டாயம் வரைவெழுதுவோனுக்கு உண்டு. அத்தகைய கடிதங்களுக்காகக் காத்திருந்த மேசையில் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பாரதியார் பத்தாண்டுகள் வாழ்ந்த ஊர் இது. பாவேந்தர் பிறந்த ஊர் இது. இங்கு பிறந்த தமிழ் அரசாணைக்கும் மருந்துச் சீட்டுக்கும் அயலாய் நிற்றல் தகாது. வட்டம் மேலும் பல பத்தாண்டுகள் செழித்து ஓங்குக.